பதினான்கு துப்பாக்கிகளும் ஒரு தேசிக்காயும்

கொழும்பு, மருதானை
1981 ஜனவரி 11

அன்புத் தங்கச்சி ஹபீலாவுக்கு நானா முனாப் எழுதுவது. உனக்கும் மச்சான் ஸெய்னுலாப்தீனுக்கும் உம்மாவுக்கும் சலாம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தால் நீ கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிடுவாய். அலவத்துகொட வீட்டின் முன்னறை எனக்கு வேண்டும். அந்த அறை என் பங்கு என்று வாப்பா எழுதிவைத்தது உனக்கும் தெரியும். எங்கள் கம்பனி இந்த வருடம் காற்றின் அழுத்தத்தால் சுடும் ஜெர்மன் எயார் ரைபிள்களை இறக்குமதி செய்கிறது. மாத்தளை வரைக்கும் கராம்பும் மிளகும் வைத்திருக்கிற எல்லாரும் குரங்கோடு மல்லுக்கட்டுகிறார்கள், அவர்களுக்கு விற்கலாம். அந்த அறையில் ஒரு கிளை திறந்தால் என்னையே பொறுப்பாகப் போடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். இந்த மருதானை வெக்கையை விட்டு ஊருக்கு வர எனக்கு இதைவிட வேறு வழி கிடைக்காது.

அறையில் நீ தொங்கவிட்டிருக்கும் பதினான்கு பழைய காற்றுத் துப்பாக்கிகளுக்கும் ஒரு வழி செய்துவிட்டேன். கண்டி வாவிப் பக்கம் ஹோட்டல் கட்டுகிற மக்கீன் ஹாஜியார், மண்டபச் சுவரில் மாட்ட வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் தேடுகிறார். உன்னுடையதைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். வருகிறவர்கள் எடுத்து விளையாடாதபடி குழல்களில் ஈயம் ஊற்றி அடைத்துவிடுவாராம். மே மாதம் லொறி வரும்.

கோபப்படாதே. பதிலுக்கு ஒரு புத்தம்புது ரைபிளை இந்தக் கடிதத்தோடு லொறிக்கார முத்துலிங்கத்திடம் கொடுத்தனுப்புகிறேன். தூரத்தைக் கிட்டக் காட்டும் கண்ணாடி பூட்டியது. ஒரு தடவை சுட்டுப் பார்த்தால், இத்தனை காலம் இரும்புக்கடையையா காவல் காத்தோம் என்று நீயே சிரிப்பாய்.

உன் நானா,
முனாப்


அலவத்துகொட
1981 ஜனவரி 20

நானாவுக்கு,

சலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன், அது கடமை. மற்றபடி எனக்கு வருகிற ஆத்திரத்தில் பேனை பேப்பரைக் கிழிக்கிறது.

'தொங்கவிட்டிருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுகூடச் சும்மா தொங்கவில்லை. பதினான்கும் சுடும். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, துரைமார் பங்களாக்களைக் காலி செய்துகொண்டு போனபோது, எங்கள் பாடசாலை டீச்சர்மார் எல்லாரும் பீங்கானும் கதிரையும் வாங்கப் போனார்கள். நான் ஒரு கோழிக்கூட்டின் முன்னால் நின்றேன். அதன் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தது ஒரு துப்பாக்கி. பங்களாவில் சமைக்கிற கோக்கி என்னைப் பார்த்துச் சிரித்தே சிரித்தார். 1923இல் பர்மிங்ஹாமில் செய்தது அது. இன்றைக்கும் அதுதான் என் ராசாத்தி.

காற்றை ஒழுகாமல் அமுக்கித் தள்ளும் அதன் பிஸ்டன் வாஷர் தோல். கருகிச் சுருங்கிக் கிடந்தது. மேளம் கட்டுகிறவரிடம் எருமைத்தோல் வாங்கி, சுடுதண்ணீரில் போட்டு அச்சுக்குள் அமர்த்தி, தேங்காயெண்ணெயில் ஊறவைத்து நானே செய்தேன். முதல் வாஷர் தோற்றது, இரண்டாவதும் தோற்றது. மூன்றாவது பிடித்தது. அந்த அஸருக்கு நான் எவ்வளவு சந்தோஷமாகத் தொழுதேன் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அந்தக் குழலுக்குள்ளா ஈயம் ஊற்றப் போகிறீர்கள்?

உங்கள் ஜெர்மன்காரனைச் சுட்டுப் பார்த்தேன். நியாயமாகச் சொல்கிறேன், நல்ல சாமான்தான். பாரம் குறைவு, வேகம் அதிகம். குழலை ஒடித்து மடக்கினால் சுடத் தயார். என் ராசாத்திக்குக் கீழேயுள்ள இரும்புக் கையை இழுத்து, மேலேயுள்ள சின்னத் திருகைத் திறந்து, குண்டைப் போட்டு, திருகை மூட வேண்டும். அதற்குள் குரங்கு ஒரு பழத்தைத் தின்றே முடித்துவிடும். ஆனால் ஒன்று. உங்களுடையது ஒவ்வொரு தடவையும் குழலையே ஒடிக்கிறது. என்னுடையதன் குழல் ஐம்பத்தெட்டு வருடமாக இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எது நேராகச் சுடும் என்று நினைக்கிறீர்கள்?

வாயால் பேசி என்ன? போட்டி வையுங்கள். உங்கள் புதியது, என் பழையது. நீங்கள் வென்றால் லொறி வரட்டும், நானே தூக்கி ஏற்றுகிறேன். நான் வென்றால் பதினான்கும் இருக்கும், அறையும் எனக்கு.

ஹபீலா


கொழும்பு
1981 பெப்ரவரி 2

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்துவிட்டு, பிறகு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். போட்டி என்றால் சரி. ஸாஹிரா கல்லூரிக் கெடட் படையில் நான் சுட்ட சுடுகையை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

கட்டுகஸ்தோட்டை ராஜலிங்கத்தை உனக்குத் தெரியும். தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர், விளையாட்டுக் கழகச் செயலாளர். சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டியின்போது மகாவலிக் கரை மைதானத்தில் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். இருபத்தைந்து யார் தூரம், ஆளுக்குப் பத்துக் குண்டு, ஆளுக்கொரு குறி அட்டை. குண்டு இரண்டு பேருக்கும் ஒரே டின்னிலிருந்து வர வேண்டும் என்பது அவருடைய சட்டம். குண்டை எங்கள் கம்பனி தரும். பழகுவதற்கு உனக்கு இரண்டு டின் அனுப்புகிறேன்.

ஒரே ஒரு தயக்கம். ஆயிரம் சனத்துக்கு நடுவில் நீ துப்பாக்கியோடு நின்றால் ஊரில் என்ன சொல்வார்கள்? உனக்குப் பதிலாக மச்சான் சுடட்டுமே. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

முனாப்


அலவத்துகொட
1981 மார்ச் 1

நானா,

முதலில் மச்சான் சங்கதி. பலாக்காய் எது குரங்கு எது என்று பிரித்துப் பார்க்க அவருக்குக் கண்ணாடி போட்டாலும் முடியாது. அவரிடம் கேட்டேன். "என்ட மிளகுக் கொடிய நீதான் காப்பாத்திக்கொண்டு ஈக்கிறாய். ஊரு செல்றத ஊருகிட்டயே உட்டுடு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி உங்கள் குண்டு. நானா, நான் அழுதுவிட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். உங்கள் டின்னைத் திறந்து ராசாத்திக்குள் ஒரு குண்டைப் போட்டால் கிணற்றுக்குள் கல் விழுகிற மாதிரி விழுகிறது. பழைய குழல் ஒரு மயிரிழை அகலம். அந்தக் காலத்துக் குண்டும் அந்த அளவு. இப்போது வருகிற குண்டு மயிரிழை ஒல்லி. காற்றெல்லாம் பக்கத்தால் ஓடிவிடுகிறது. போன மாதம் போத்தல் மூடியை அடித்த துப்பாக்கி, நேற்று வாழைமரத்தைத் தவறவிட்டது.

என்னிடமிருந்த பழைய குண்டுகள் போன மாதத்தோடு முடிந்துவிட்டன. கண்டியில் ஏறி இறங்காத கடை இல்லை. இது தெரிந்துதான் 'குண்டை எங்கள் கம்பனி தரும்' என்று எழுதினீர்களா? நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று உம்மா சொல்கிறார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாகத் துப்பாக்கிகளைத் துடைத்து, பெட்டிக்குள் வைக்கப் பழந்துணி தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஹபீலா


கொழும்பு
1981 மார்ச் 9

ஹபீலாவுக்கு,

நீ இப்படி நினைத்தது எனக்கு நோகிறது. குண்டில் மயிரிழை ஒல்லி, மயிரிழை தடிப்பு இருக்கும் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. நான் விற்கிறவன். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எனக்குத் தெரியும். ஸ்டோரில் தேடச் சொன்னேன், பழைய அளவுக் குண்டு எங்கேயும் இல்லை. நீ வேண்டாம் என்றால் போட்டியை நிறுத்திவிடலாம், ராஜலிங்கத்திடம் நானே பேசுகிறேன். ஆனால் நிறுத்தினால் லொறி வரும். ஹாஜியாரிடம் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது.

நான் பின்வாங்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழகுகிறேன். நீ உன் கிழவிகளுக்குத் தேங்காயெண்ணெய் விடுவாய் அல்லவா, அதை நினைத்து என்னுடையதற்கும் விட்டேன், தாராளமாக. ஆளே மாறிவிட்டது! கல்யாண வீட்டு வெடி மாதிரிச் சத்தம், வாயிலிருந்து புகை. பலகையைத் துளைத்துக்கொண்டு போகிறது. உன் வைத்தியம் எனக்குத்தான் பலித்திருக்கிறது.

முனாப்


அலவத்துகொட
1981 மார்ச் 15

நானா,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. எழுதுவதா விடுவதா என்று அலுமாரிக்கும் மேசைக்கும் நடந்தேன். அதனால் முதலில் இதை வாசியுங்கள்: உடனே சுடுவதை நிறுத்துங்கள்!

தோல் வாஷர் எண்ணெயைக் குடிக்கும். உங்களுடையது பிளாஸ்டிக், அது குடிக்காது. எண்ணெய் பிஸ்டனுக்கு முன்னால் தேங்கி, அடிக்கும்போது காற்றின் சூட்டில் பற்றிக்கொள்கிறது. அந்தப் புகை அதுதான். அது பலம் இல்லை நானா, நாசம். இப்படியே போனால் வாஷர் கருகும், ஸ்பிரிங் முறியும், போட்டியன்று உங்கள் கையில் வெறும் கட்டைதான் இருக்கும். கம்பனி மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றித் துடையுங்கள், வாஷரை மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒரு சொட்டு எண்ணெயும் உள்ளே போகக்கூடாது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆசையாகவும் இருந்தது, மறைக்கமாட்டேன். நான் முழிக்கிற முழியைப் பார்த்து உம்மா விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். "செல்லாம ஈந்து வென்டா, அந்தத் துவக்க நீ எந்த மூஞ்சோட தொடப்போறாய்?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஜும்ஆ நாள் என்று கண்ணுக்குச் சுர்மா போட உட்கார்ந்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பித்தளைச் சுர்மாக் குச்சி, நுனி மழமழவென்று உருண்டையானது. குப்பியின் கழுத்துக்குள் நுழைந்து சிக்கெனப் பிடித்து நின்றது. குண்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி குழிந்திருக்கும் அல்லவா? குச்சியைப் பறித்துக்கொண்டு ஓடினேன். ஒரு கண்ணுக்குச் சுர்மாவும் மறு கண்ணுக்கு வெறுமையுமாக உம்மா பின்னாலேயே சத்தம்போட்டுக்கொண்டு வந்தார். குண்டைக் கவிழ்த்துவைத்து, குச்சி நுனியைக் குழிக்குள் வைத்து மெல்ல அழுத்தினேன். பாவாடை ஒரு மயிரிழை விரிந்தது. ராசாத்திக்குள் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது!

நானா, போத்தல் மூடி பறந்தது. அடுத்ததும் பறந்தது. நான் குதித்த குதியில் கோழிகளெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம்.

களவில்லாமல் செய்ய வேண்டும் என்று குச்சியையும் குண்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் ராஜலிங்கத்திடம் காட்டினேன். "குண்டு ஒரே டின்னுல இருந்து வரணும், அம்புட்டுதான் சட்டம். அதுக்கு நீங்க மை வச்சாலும் பொட்டு வச்சாலும் எனக்கென்ன டீச்சர்?" என்றார்.

உங்கள்மேல் சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள். வாருங்கள், சுடுவோம்.

ஹபீலா


கொழும்பு
1981 ஏப்ரல் 4

தங்கச்சி,

கழற்றினோம். வாஷரின் ஒரு பக்கம் கரி. மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது. மாற்றியாயிற்று. இப்போது சத்தம் குறைவு, குறி நல்லது.

நீ சொல்லியிருக்க வேண்டியதில்லை. அதனால் விட்டுக்கொடுப்பேன் என்று மட்டும் நினைக்காதே. முழு மூச்சாகச் சுடுவேன். இல்லாவிட்டால் நீ சொன்னதற்கு மரியாதை இல்லை.

முனாப்


கொழும்பு
1981 ஏப்ரல் 23

என் தங்கச்சிக்கு,

இரவு பஸ்ஸிலேயே எழுதத் தொடங்கி, கடுகண்ணாவை மலை வளைவுகளில் பேனை ஓடாமல், இப்போது கந்தோரில் உட்கார்ந்து எழுதுகிறேன். அன்று உன்னோடு ஒழுங்காகப் பேசக்கூடக் கிடைக்கவில்லை, உன்னைச் சுற்றி அவ்வளவு சனம்.

நீ நின்ற இடத்திலிருந்து எனக்கு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்கிறேன். ராஜலிங்கம் இரண்டு அட்டைகளையும் வெயிலில் பிடித்து, எண்ணி, திரும்பவும் எண்ணி, "சமம்" என்று சத்தமாகச் சொன்னபோது நானும் எட்டிப் பார்த்து எண்ணினேன். புதுத் துப்பாக்கி, தொலைக் கண்ணாடி, மூன்று மாதப் பழக்கம் எல்லாம் சேர்ந்து, கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்த கிழவியோடு சமம்! சமம் என்றால் யாருக்கு என்ன என்று நான் வாயைத் திறக்கும் முன்னமே அவர் எலுமிச்சங்காய் என்றார், நம் தேசிக்காயைத்தான். "அழகரு, அந்தக் கொய்யா மரத்துல நூலக் கட்டி ஒரு எலுமிச்சங்காயத் தொங்கவிடு. கிட்டத்துலயே இருக்கட்டும். நல்லா ஆட்டிவிடு. அடிச்சவங்க ஜெயிச்சவங்க."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கிட்டத்தில்தானே. கண்ணாடிக்குள் பார்த்தால் தேசிக்காய் பூசணிக்காய் அளவு. ஆனால் வந்த வேகத்தில் வட்டத்தைவிட்டுப் போய்விட்டது. காத்திருந்தேன், திரும்ப வந்தது, விசையை அழுத்தும்போது அங்கே இல்லை. அந்தச் சின்ன வட்டத்துக்கு வெளியே அது எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கண்ணை மூடாத குறையாகச் சுட்டேன். கொய்யா இலை ஒன்று விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

பிறகு நீ. முக்காட்டை இழுத்துச் செருகினாய். திருகைத் திறந்து, சுர்மாக் குச்சி பட்ட குண்டைப் போட்டு மூடினாய். எனக்கே பொறுமை போய்விட்டது, அவ்வளவு ஆறுதலாகச் செய்தாய். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு நின்றாய். துப்பாக்கி தேசிக்காயோடு சேர்ந்து ஆடியது, பிறகு ஆடவில்லை. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, புத்தகத்தை மூடுகிற மாதிரி ஒன்று. தேசிக்காய் ஊஞ்சலை விட்டுவிட்டு நூலைப் பிடித்துக்கொண்டு பம்பரமாகச் சுற்றியது. அந்தப் பக்கத்து வெளிச்சம் ஓட்டைக்குள்ளால் தெரிந்தது.

மைதானமே கத்தியது. உம்மா பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்று "என்ட மகள்! என்ட மகள்!" என்று கத்தியதை நான் இந்தக் காதால் கேட்டேன். தோற்றவனுக்கு வெட்கம் வர வேண்டும், எனக்கு வரவில்லை. நானும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன். என் தங்கச்சி என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அறை உன்னுடையது. துப்பாக்கிகளும் உன்னுடையவை. எழுதிக் கையொப்பம் வைத்துத் தருகிறேன். ஆனால் ஹாஜியார் விஷயம் எனக்கு முள்ளாகக் குத்துகிறது. 'ஹபீலாவின் துப்பாக்கி உங்கள் சுவரில் இருக்கும்' என்று நாலு பேர் கேட்கச் சொன்னவன் நான். ஒருவரிடமும் வாக்குத் தவறியதில்லை. கிளையும் இல்லை என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டும். அது என் பாடு, நீ அதற்காகச் சந்தோஷத்தைக் குறைத்துக்கொள்ளாதே.

நானா


அலவத்துகொட
1981 ஜூலை 19

என் அன்பு நானா,

எழுதப் பிந்தியதற்குக் காரணம் கடைசியில் வரும். முதலில் லொறி.

லொறி வேண்டாமென்று ஹாஜியாரிடம் சொல்ல நீங்கள் வாய் வராமல் இருந்திருக்கிறீர்கள். மே மாதம் லொறி வந்தேவிட்டது, முன் சீட்டில் மக்கீன் ஹாஜியார். முன்னறைக்குள் கூட்டிப் போனேன். பதினான்கையும் பார்த்தார். ராசாத்தியை எடுத்துக் கையில் கொடுத்து, சுடச் சொன்னேன். பின்வளவில் போத்தல் மூடிகளை அடுக்கிவைத்தால் மனிதர் லுஹர் தொழுகை வரைக்கும் நகரவில்லை. "இதுக்கு ஈயம் ஊத்த ஈந்தேனே, அல்லாஹ்வே" என்று தலையில் கைவைத்தார்.

பிறகு ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் கொடுத்தேன். உள்ளே நம் இரண்டு அட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில். ராஜலிங்கத்திடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். எது புதியது சுட்டது, எது பழையது சுட்டது என்று கேட்டேன். மூக்கு முட்டுமளவு கிட்டப் பார்த்தும் அவருக்குச் சொல்ல ஏலவில்லை. உங்கள் வாக்கு தவறவில்லை நானா. ஹபீலாவின் துப்பாக்கி அவர் சுவரில்தான் இருக்கிறது, அது துளைத்த அட்டையாக. மண்டபத்தில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் அதே கேள்வியைக் கேட்கிறாராம். லொறி வெறுமையாகத்தான் திரும்பிப் போனது. சட்டத்தை ஹாஜியார் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்தது உங்கள் கிளை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மச்சானின் மிளகு ஸ்டோர் இருக்கிறதல்லவா, முன் பாதியைத் தருகிறார். உங்களுடையது சமமாகச் சுட்டதைப் பார்த்த மாத்தளைக்காரர்கள் இப்போதே என்னிடம் வந்து கேட்கிறார்கள். உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை: வாங்குகிற ஒவ்வொருவருக்கும் தேங்காயெண்ணெய்க் கதையை நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் ஊருக்கு வருகிறீர்கள் என்றால் எனக்கு அந்தத் தேசிக்காயை அடித்ததைவிடச் சந்தோஷம். உம்மாவும் இப்போதே உங்கள் மெத்தையை வெயிலில் போட்டுவிட்டார். சுர்மாக் குச்சியை மட்டும் திருப்பித் தரச் சொல்கிறார். தரமாட்டேன், புதிது வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

முத்துலிங்கம் லொறியில் இரண்டு போத்தல் வருகிறது. அன்று கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்ட அழகரே நூலை அறுத்து அந்தத் தேசிக்காயை என் கையில் தந்தார். உம்மா அதைத் தனியாகவும், சோற்றுக்கென்று வேறு தேசிக்காய்களையும் ஊறுகாயாக உப்பில் போட்டு, பிந்திய மழைக்கெல்லாம் உள்ளே எடுத்து, வெயிலுக்கெல்லாம் வெளியே வைத்து, இப்போதுதான் பதமானது. இதற்குத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தேன்.

பெரிய போத்தல் சோற்றோடு தின்ன. சின்னப் போத்தலில் ஒன்றே ஒன்று இருக்கும், நடுவில் ஓட்டையோடு. அதைத் தின்ன வேண்டாம், ஈயம் பட்டது. ஸ்டோர் திறக்கிற அன்று புது ரைபிள்களுக்கு நடுவில், ஆட்கள் பார்க்கிற இடத்தில் வையுங்கள்.

வென்ற உங்கள் தங்கச்சி,
ஹபீலா